மருந்து படுத்தும் பாடு

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பதை முதல் வகுப்பிலிருந்தே நாம் எழுதிப் பழகியிருக்கிறோம். நோய் வந்துவிட்டால் மருந்து உண்ண வேண்டும் என்பதும் யாவரும் அறிந்ததே. ஆனால் நோய்க்குக் கொடுத்த மருந்தே ஒரு குழந்தையைப் படுத்தத் தொடங்கினால் வீட்டிலிருப்பவர்கள் என்ன செய்வது? மருந்தை நிறுத்துவதா, தொடர்வதா? இதற்கு எந்தப் பழமொழியும் வழி சொல்லவில்லை. எனவே நான் படித்தும், கேட்டும், எங்கள் வீட்டிலேயே கண்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஆன்டிபயாட்டிக் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பற்றிப் பாடத்தில் படித்திருக்கிறோம். 1928-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஒரு பூஞ்சைக் காளானிலிருந்து பெனிசிலினைக் கண்டறிந்தார். 1943-இல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க்கு முதன்முதலில் பலன் தந்த நுண்ணுயிர்க்கொல்லி அதுவே. இம்மருந்துகள் எத்தனையோ கோடி உயிர்களைக் காத்துள்ளன. ஆனால் அவை உடலுக்குள் சென்றதும் கிருமியோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. குடல், தோல், ஈரல், நரம்பு என்று பல இடங்களையும் தொட்டுப் பார்க்கின்றன. பெரியவர்கள் "எனக்கு இப்படிச் செய்கிறது" என்று வாய்விட்டுச் சொல்வார்கள். குழந்தை அழும், அடம் பிடிக்கும், அல்லது ஒன்றும் சொல்லாமல் மறைத்துவிடும்.

முதலில் சிறிய தொல்லைகளைப் பார்ப்போம். காது வலிக்கோ தொண்டைப் புண்ணுக்கோ அமாக்சிசிலின் போன்ற மருந்து கொடுத்த இரண்டாம் மூன்றாம் நாளில் பல குழந்தைகளுக்கு வயிறு இளகிப் போகும். நம் குடலில் செரிமானத்திற்கு உதவும் நல்ல கிருமிகளும் வாழ்கின்றன. மருந்து அவற்றையும் சேர்த்து அழித்துவிடுவதே இதற்குக் காரணம். குழந்தை விளையாடிக்கொண்டும் தண்ணீர் குடித்துக்கொண்டும் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கஞ்சி, தயிர் சாதம், இளநீர் கொடுக்கலாம். சுகாதார நிலையத்தில் தரும் உப்பு சர்க்கரைப் பொடியை, ஒரு லிட்டர் பொட்டலமானால், கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைத்து, அன்றைய பொழுதுக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை நாளைக்கென்று மடித்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம், அது கூடாது. மலத்தில் இரத்தம் வந்தாலோ, கண் குழிவிழுந்து சிறுநீர் குறைந்தாலோ வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாது.

அடுத்தது தோல். எங்கள் பக்கத்தில் உடம்பில் திடீரென்று தடித்துத் தடித்து அரிப்பு எடுத்தால் 'காணாக்கடி' என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று பொருள். உடனே மந்திரிக்க அழைத்துச் செல்வார்கள். இரண்டு நாளில் தடிப்பு தானே அடங்கிவிடுவதும் உண்டு. மந்திரித்தவருக்குப் பெயரும் கிடைத்துவிடும். ஆனால் அந்தத் தடிப்பு வருவதற்கு முன் குழந்தைக்கு என்ன மருந்து கொடுத்தோம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. காணாக்கடி என்று நாம் நினைப்பது மருந்தின் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். ஒருமுறை பெனிசிலின் வகை மருந்தால் இப்படி வந்தவர்களுக்கு அதே வகை மருந்தை மறுபடி கொடுத்தால் அடுத்த முறை கடுமையாக வரக்கூடும். ஆகவே மருந்தின் பெயரை ஒரு நோட்டுப் புத்தகத்தில், தேதியோடு எழுதி வைப்பது மந்திரத்தைவிட உதவும். அட்டையைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தாலே போதும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் குழந்தைகளுக்குச் செம்புள்ளிகள் தோன்றும். அப்போது தற்செயலாக மருந்தும் உண்டுகொண்டிருந்தால் பழி மருந்தின் மேல் விழுந்துவிடும். "இவனுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது" என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிச் சொல்லி, உண்மையில் தேவைப்படும்போது நல்ல மருந்து ஒன்று கைக்கெட்டாமல் போய்விடும். எனவே தடிப்பு இருக்கும்போதே மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிட வேண்டும்.

உதடும் முகமும் வீங்குதல், மூச்சு இழுத்தல், குழந்தை துவண்டு மயங்குதல் ஆகியவை மருந்து கொடுத்த சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தோன்றினால் அது உயிருக்கு ஆபத்து. 108-ஐ அழைக்க வேண்டும். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. வாயிலும் கண்ணிலும் புண் வந்து தோல் கொப்புளித்து உரிந்தாலும் அப்படியே. இவை அரிதாகவே வரும். ஆயினும் மருந்தை யாரையும் கேட்காமல் உடனே நிறுத்த வேண்டிய நேரங்கள் இவை.

நிற்க. இனி நான் மிகவும் எழுத விரும்பிய விஷயத்திற்கு வருகிறேன். ஐந்து நாள் மருந்தென்றால் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடலாம். ஆறு மாதம் உண்ண வேண்டிய மருந்து என்றால்?

எங்கள் ஊர் கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைக்கும் அப்பால் உள்ள ஒரு சிற்றூர். நான் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். என் தம்பிக்கு வயது ஆறு. சென்ற ஆண்டு அவன் கழுத்தின் இடப்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தோன்றியது. 'கண்டமாலை' என்று ஆயா பற்றுப் போட்டார். பிறகு ஒரு மருந்துக் கடையில் மூன்று முறை வெவ்வேறு சிரப் வாங்கிக் கொடுத்தார்கள். கட்டி கரையவில்லை. கடைசியில் கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்தில் இறங்கிக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். ஊசியால் கட்டியிலிருந்து எடுத்துச் சோதித்து, நிணநீர்ச் சுரப்பியில் காசநோய் என்றார்கள். ஆயா வைத்த பெயரும் தவறில்லை; கண்டமாலை என்று நம் முன்னோர் சொன்னது பெரும்பாலும் இந்நோயைத்தான்.

சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள்: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால். பிறகு நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும். குழந்தையின் எடைக்குத் தக்கபடி மாத்திரையின் எண்ணிக்கை. நீரில் கரையும் இனிப்பு மாத்திரைகளாகவே இப்போது தருகிறார்கள். முன்பெல்லாம் பெரியவர்களின் மாத்திரையை உடைத்தும் பொடித்தும் கொடுக்க வேண்டியிருந்ததாம். அளவு எவ்வளவு சரியாக இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மாத்திரை தொடங்கிய முதல் நாளே தம்பியின் சிறுநீர் செம்மஞ்சளாக, ஏறக்குறைய இரத்த நிறத்தில் போயிற்று. அவன் பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து அம்மா பார்த்துவிட்டார். ஆயா, "பிள்ளைக்கு ரத்தமே போகுது, இந்த மாத்திரையே வேணாம்" என்று அட்டையை எடுத்துக் கூரையில் செருகிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேரனின் சிறுநீர் சிவப்பாகப் போவதைக் கண்ட எந்தப் பாட்டியும் அதையே செய்வார். நிறம் மாறும் என்று மாத்திரை கொடுத்தபோது ஒருவரும் எங்கள் வீட்டில் சொல்லவில்லை.

மறுநாள் வந்த கிராம சுகாதார செவிலியர்தான் விளக்கினார். ரிஃபாம்பிசின் என்ற மருந்தே செந்நிறமானது. அது உடலில் வேலை செய்துவிட்டு வெளியேறும்போது சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாவற்றிலும் அந்த நிறம் கலக்கும். கெடுதல் ஏதும் இல்லை; மருந்து நின்றதும் நிறமும் நின்றுவிடும். இதைக் கேட்டபின் தம்பிக்குப் பயம் போய்ப் பெருமை வந்துவிட்டது. அழுதால் கண்ணீர் சிவப்பாக வருகிறதா என்று பார்ப்பதற்காகவே ஒருநாள் அழுது பார்த்தான்.

ஆனால் இந்த நிறத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இதைத் தாய்மார்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் சிலருக்கு ஈரலைத் தாக்கக் கூடியவை. அப்போது மஞ்சள் காமாலை வரும். காமாலையை நம் வீடுகளில் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? சிறுநீரின் நிறத்தைப் பார்த்துத்தானே! இம்மருந்து உண்ணும் குழந்தைக்கு அது பயன்படாது. தினமும்தான் நிறமாகப் போகிறதே. ஆகவே கண்ணைப் பார்க்க வேண்டும். காலை வெளிச்சத்தில், வாசலில் நிற்க வைத்து, கீழிமையை இழுத்து வெண்விழி வெள்ளையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளக்கு வெளிச்சம் எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டிவிடும். வெண்விழி மஞ்சளித்தாலோ, சோறே பிடிக்காமல் ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, வலப்பக்க விலாவின் கீழ் வலித்தாலோ அன்றைய மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காமாலை என்றால் நாம் முதலில் தேடுவது கீழாநெல்லி. அதன் நன்மை தீமையைப் பற்றிப் பேச நான் மருத்துவர் அல்ல. ஆனால் ஒருபுறம் காசநோய் மாத்திரையும் மறுபுறம் கீழாநெல்லியும் கொடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தால், காமாலையை உண்டாக்கிய மருந்து நாள்தோறும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மருத்துவர்கள் எல்லா மாத்திரையையும் நிறுத்தி, இரத்தத்தைச் சோதித்து, ஈரல் தேறியதும் ஒவ்வொன்றாக மறுபடி தொடங்குவார்கள். இதை வீட்டில் செய்ய முடியாது.

மற்றத் தொல்லைகள் இவ்வளவு பெரியவை அல்ல. பைரசினமைடு வயிற்றைக் குமட்டும். பெரியவர்களுக்கு மூட்டுவலியும் தரும். வெறும் வயிற்றில் உண்பதே நல்லது என்றாலும், குமட்டல் தாங்காத குழந்தைக்குச் சிறிது உணவோடு கொடுக்கலாமா என்று செவிலியரைக் கேட்டுக்கொள்ளலாம். விழுங்கிய சற்று நேரத்திலேயே வாந்தி எடுத்துவிட்டால் அந்த வேளை மருந்தை மறுபடி கொடுக்க வேண்டுமா என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். ஐசோனியசிட்டால் கைகால் விரல்களில் மதமதப்பு வரலாம். அதைத் தடுக்க பி-6 வைட்டமின் மாத்திரை தருகிறார்கள். எத்தாம்புட்டால் அரிதாகக் கண் நரம்பைத் தொடும். அப்போது சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாது போகும். சரியான அளவில் குழந்தைகளுக்கு இது மிக அரிது என்றாலும், ஆறு வயதுப் பிள்ளை தனக்கு நிறம் மங்குகிறது என்று சொல்லத் தெரியாதவன். விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது நான் முறத்தில் பச்சை மிளகாயையும் பழுத்த மிளகாயையும் கலந்து கொட்டி, பிரித்து வைக்கச் சொன்னேன். விளையாட்டென்று நினைத்து நொடியில் பிரித்துவிட்டான். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு அலறினான். அது வேறு கதை. மிளகாய்க்குப் பதிலாக நூற்கண்டுகளை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் மாதத்தில் வந்ததுதான் எல்லாரையும் கலங்க வைத்தது. கரைந்துகொண்டிருந்த கட்டி மறுபடி வீங்கி எலுமிச்சை அளவாயிற்று. மேலே தோல் சிவந்தது. பக்கத்தில் புதிதாக இன்னொன்றும் தோன்றியது. "மருந்து உண்டும் நோய் முற்றுகிறதே, பிறகு எதற்கு மருந்து?" என்று அப்பாவே கேட்டுவிட்டார். மீண்டும் மலையிறங்கினார்கள். மருத்துவர் சோதித்துவிட்டு, மருந்து வேலை செய்வதால் வந்த வீக்கமே இது என்றார். கிருமிகள் மடியும்போது அவற்றின் சிதைவுகள் சுரப்பியில் தங்குகின்றன. நோயால் சோர்ந்திருந்த உடலின் எதிர்ப்புச் சக்தியும் தேறி எழுந்து அவற்றோடு போராடுகிறது. அதனால் இடம் வீங்குகிறது. கழுத்துக் கட்டிக்குச் சிகிச்சை பெறுவோரில் சிலருக்கு இப்படி நேர்வதுண்டாம். அதே மாத்திரைகளைத் தொடரச் சொன்னார். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது.

மருந்து கொடுத்ததும் நோய் கூடியதுபோல் தோன்றுவது புதிய செய்தி அன்று. 1895-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த அடால்ஃப் யாரிஷ் என்பவரும், 1902-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர் என்பவரும், அந்நாளைய தொற்றுநோய் ஒன்றுக்குப் பாதரசம் கொடுத்தபோது நோயின் புண்கள் சில மணி நேரம் இன்னும் சிவந்து பின் அடங்குவதைக் கண்டு எழுதினார்கள். எலிக்காய்ச்சலுக்குப் பெனிசிலின் போடும்போதும் சிலருக்கு முதல் நாளில் இதுபோல் நடுக்கமும் காய்ச்சலும் வந்து, ஒரு நாளில் தணிந்துவிடுகின்றன. தம்பிக்கு வந்த வீக்கம் வாரக் கணக்கில் நீடிப்பது. அவர்கள் கண்டது மணிக் கணக்கில் முடிவது. ஆயினும் இரண்டிலும் பார்ப்பவர் மனத்தில் எழும் அச்சம் ஒன்றே. யூதராகப் பிறந்த காரணத்தால் ஹெர்க்ஸ்ஹைமர் தம் முதுமையில் நாஜிகளால் தெரசின்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1942-இல் அங்கேயே இறந்தார் என்று படித்தபோது மிகவும் வருந்தினேன்.

கட்டி வீங்கினால் இது நல்ல வீக்கமே என்று நாமே முடிவு செய்துகொண்டு வீட்டில் இருந்துவிடுவதும் தவறு. மருந்துக்கு அடங்காத கிருமியாலும் கட்டி வளரலாம். எது என்று பார்த்துச் சொல்ல மருத்துவரால்தான் முடியும். நாம் செய்யக்கூடியது, அவர் சொல்லும்வரை மாத்திரையைக் கைவிடாமல் இருப்பது. பாதியில் விட்டால் கிருமி மருந்தைத் தாங்கப் பழகிவிடும். பிறகு இன்னும் வலிய, இன்னும் தொல்லை தரும் மருந்துகளை உண்ண நேரிடும்.

இத்தனை தொல்லை தரும் மருந்தை மருத்துவமனையில் வைத்தே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினார்கள். 1928-இல் தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய சானடோரியம் அத்தகையது. நோயாளிகள் மாதக் கணக்கில் அங்கே தங்குவார்கள். படுக்கையோ சிலருக்குத்தான் கிடைக்கும். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அங்கே 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். நல்ல உணவும் ஓய்வும் குறைவு. ஆயினும் அவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். அவர்களது குடும்பத்தாருக்கு நோய் தொற்றுவதும் கூடவில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. அந்த மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. நம் சென்னை ஏழைகளின் வீடுகளில் நடந்த ஆய்வு இது என்பதை நம் பாடநூலில் ஏன் போடவில்லை என்று தெரியவில்லை.

அந்நாளில் கொடுத்த 'பாஸ்' என்ற மருந்து அளவிலும் மிகுதி, வயிற்றையும் புரட்டும். ஆகவே பலர் உண்ணாமல் ஒளித்துவிடுவார்கள் என்று அஞ்சி, பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள். இன்று ரிஃபாம்பிசின் தானே நிறம் காட்டி, உண்டதைச் சொல்லிவிடுகிறது! ஆனால் வீட்டிலேயே சிகிச்சை என்றானதும், எது தாங்கக்கூடிய தொல்லை, எது ஓட வேண்டிய ஆபத்து என்று பிரிக்கும் பொறுப்பும் வீட்டுக்கு வந்துவிட்டது. நகரத்தில் இருப்பவர்கள் ஐயம் வந்தால் ஐந்து நிமிடத்தில் ஒருவரைக் கேட்கலாம். எங்கள் ஊரில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கவே மேட்டுக்கு ஏற வேண்டும். இரவில் பேருந்தும் இல்லை. அதனால்தான் மலைமேல் உள்ள தாய்க்கு மாத்திரையோடு இந்த விவரங்களையும் கொடுத்தனுப்ப வேண்டும் என்கிறேன்.

குழந்தையிடமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "நாளை ஒண்ணுக்கு சிவப்பாய் வரும், பயப்படாதே" என்ற ஒரு வரி முதல் நாளே சொல்லப்பட்டிருந்தால் தம்பி மூன்று நாள் பயந்திருக்க மாட்டான். மாத்திரையை 'மிட்டாய்' என்று ஏமாற்றிக் கொடுப்பதை நான் ஒப்ப மாட்டேன். இனிப்பாகவும் இருப்பதால் குழந்தை ஒருநாள் தானே எடுத்து அட்டை முழுவதையும் தின்றுவிடலாம். மருந்து மருந்தென்றே தெரிய வேண்டும். எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். மூக்கைப் பிடித்துப் புகட்டினால் புரையேறும். எங்கள் வீட்டில் நாட்காட்டியில் தினமும் ஒரு கட்டத்தை அவனே கரியால் அடிப்பான். அந்தக் கரிக்கோடு போடுவதற்காகவே சில நாட்கள் மாத்திரையைக் குடித்தான். சில நாட்கள் அதற்கும் மசியவில்லை. அப்போதெல்லாம் அம்மா கோபிக்காமல், அரைமணி நேரம் கழித்து மறுபடி அழைப்பார்.

பள்ளிக்கு அனுப்பலாமா என்று சிலர் கேட்டார்கள். கழுத்துச் சுரப்பியில் மட்டும் உள்ள காசநோய் மற்றவருக்குத் தொற்றாது. அவன் வகுப்பில் எப்போதும்போல் அமர்ந்து படிக்கலாம். அவனைத் தனியே உட்கார வைத்தால் மருந்து தரும் துன்பத்தைவிட அதுவே அவனை அதிகம் வாட்டும். ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

மத்திய அரசு 2018 முதல் காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாயாக உயர்ந்தது. எங்கள் வீட்டில் அது முட்டையாகவும் நிலக்கடலையாகவும் மாறியது. எடை கூடக் கூட மாத்திரையின் அளவும் மாறக்கூடும் என்பதால் மாதந்தோறும் எடை பார்க்க வேண்டும். காசநோய் பற்றிய ஐயங்களுக்கு 1800-11-6666 என்ற இலவச எண் உள்ளது. எந்த மருந்தால் கெடுதல் நேர்ந்தாலும் நோயாளியின் வீட்டாரே தெரிவிக்க 1800-180-3024 என்ற எண்ணும் உண்டு. பெரிய மருத்துவர்கள்தான் தெரிவிக்க வேண்டும் என்பதில்லை.

தம்பிக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. கழுத்தில் பட்டாணி அளவில் ஒரு சிறு கட்டி இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது. சிகிச்சை முழுமையாக முடிந்த பிறகும் இப்படி ஒரு மிச்சம் நெடுநாள் இருக்கலாம், அது வளராதவரை மருந்து தேவையில்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆயா வாரம் ஒருமுறை அதைத் தடவிப் பார்த்து, "பட்டாணிதான்" என்கிறார்.